கடைசியில் நடந்த முள்ளம்பன்றி

நெல்லிக்கரட்டில் வேலாத்தா என்ற முள்ளம்பன்றி கிழங்கு வியாபாரம் செய்துவந்தது.

கரடு என்றால் பெரிய மலை இல்லை. ஓடி ஏறினால் மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். ஆனால் அந்தச் சின்னக் கரடு முழுக்க வள்ளிக்கொடி படர்ந்து கிடந்தது. ஒவ்வொரு கொடிக்கும் அடியில் கை நீளத்துக்குக் கிழங்கு இருக்கும். கடித்தால் மாவாய்க் கரையும்.

வாரம் ஒரு நாள் ஆற்றங்கரை மருதமரத்தடியில் காட்டுச் சந்தை கூடும். கரடி தேனடை கொண்டுவரும். குரங்குகள் உச்சிக்கிளைப் பழங்களோடு வரும். மான்கள் உப்புமண் கட்டிகளை உருட்டிக்கொண்டு வரும். மரத்துக்கு நேர் கீழே ஒரு தட்டையான நடுக்கல் உண்டு. அதுதான் வேலாத்தாவின் கடை.

வேலாத்தாவோடு ஆறு பேர் வேலை செய்தார்கள். முதலாவது பெத்தண்ணன் என்ற பெருச்சாளி. நல்ல உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். இரண்டாவது சுருளி என்ற அழுங்கு, உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி. அதற்குக் கிழங்கே பிடிக்காது. தோண்டுகிற குழியில் கறையான் கிடைத்தால் அத்தனையும் தனக்கே என்று பேசிக்கொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தது. மற்ற நால்வரும் வெள்ளெலிகள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு பாட்டு உண்டு. தோண்டும்போது எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்:

“தலை மண்ணுக்கு! வால் வயித்துக்கு!”

கிழங்கின் மேல்முனையில்தான் கொடி ஒட்டியிருக்கும். அது தலை. கீழே நீண்டு இறங்குவது வால். வாலை மட்டும் ஒடித்துக்கொண்டு, தலையைக் கொடியோடு அதே குழியில் வைத்து மூடி, மேலே சருகு போட்டு மூன்று மிதி மிதிக்க வேண்டும். மழை வந்ததும் அது துளிர்க்கும். மறு தைக்கு மறுபடி கிழங்கு கிடைக்கும். தலையையும் சேர்த்துப் பிடுங்கினால் அன்றைக்கு நாலு வாய் அதிகம் கிடைக்கும். ஆனால் அந்தக் குழியின் கதை அன்றோடு முடிந்துபோகும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலைக்குப் போகும்போது எல்லோரும் வரிசையாகத்தான் போவார்கள். முன்னால் நடப்பது முறைவைத்து ஒரு நாளைக்கு ஒருவர். அன்றைக்கு எந்தக் கொடியைத் தோண்டுவது என்று முடிவு செய்வதும் அவர்தான். தலைவி வேலாத்தா எங்கே நடக்கும் தெரியுமா? எல்லோருக்கும் கடைசியில்!

பெத்தண்ணனுக்கு இது பொறுக்கவே இல்லை.

“அக்கா, தலைவின்னா முன்னாடி நடக்கணும். நீங்க இப்படிப் பின்னாடி வந்தா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“முன்னாடி நடந்தா எனக்கு வழிதான் தெரியும், பெத்தண்ணா. பின்னாடி வந்தாத்தான் மூடாம விட்ட குழி தெரியும்.”

“நான் மட்டும் தலைவனா இருந்தா நெஞ்சை நிமித்திக்கிட்டு முன்னாடிதான் நடப்பேன்!”

“உனக்கு நெஞ்சு எங்கே இருக்கு? கழுத்துக்குக் கீழே எல்லாம் வயிறுதானே!” என்றது சுருளி. வெள்ளெலிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

வாடிக்கைக்காரர்களையும் வேலாத்தா சும்மா விடாது. வருஷத்தில் முதல் தடவை கிழங்கு வாங்குகிற ஒவ்வொருவரும் கரட்டுக்கு ஏறி வந்து, அந்தக் கிழங்கின் தலையைத் தாமே நட்டு மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

“ஏம்மா வேலாத்தா, வாங்க வந்தவனையே வேலை வாங்குறியே! இது என்ன நியாயம்?” என்று கரடி உறுமியது.

“நீங்க தின்ன கிழங்கோட தலை, கரடியாரே. மூணு மிதி மிதிச்சிட்டுப் போங்க. இது உங்க குழி!”

கரடி முணுமுணுத்துக்கொண்டே மிதித்தது. ஆனால் போகும்போது யாரும் பார்க்காத மாதிரி ஒரு வெள்ளைக் கல்லைப் பொறுக்கி வந்து குழியின் மேல் அடையாளம் வைத்தது. குரங்குகள் குச்சி நட்டன. மான் தன் குளம்பை அழுத்திப் பதித்தது. இப்படிக் கரடு முழுக்க யார் யாருடைய குழிகளோ இருந்தன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு மாசி மாதம் மூக்கன் வரும் வரைக்கும்.

மூக்கன் ஒரு காட்டுப்பன்றி. இருபது பன்றிகளோடு வந்து எதிரே இருந்த கழுகுக்கரட்டில் இறங்கியது. அங்கேயும் வள்ளிக்கொடி நிறைய உண்டு. பன்றிகள் மூக்கை மண்ணில் நுழைத்து ஒரு நெம்பு நெம்பினால் கிழங்கு, தலை, கொடி எல்லாம் சேர்ந்து வெளியே வந்து விழும். குழியை மூடுகிற பேச்சே இல்லை.

அடுத்த சந்தையில் மூக்கன் மலைபோல் கிழங்கைக் குவித்துவிட்டது.

“வாங்க! வாங்க! கேட்ட அளவு, கேட்ட நேரம்! காத்திருக்க வேண்டாம், குழி மிதிக்க வேண்டாம்!”

சந்தையே அந்தப் பக்கம் சாய்ந்தது. கரடி ஒரு அடைத் தேனுக்கு இரண்டு மடங்கு கிழங்கு வாங்கியது. குரங்குகள் வாயிலும் கையிலும் அள்ளிக்கொண்டன.

“தலையையும் தோண்டுறியே மூக்கா, அடுத்த வருஷம் என்ன செய்வ?” என்று கேட்டது வேலாத்தா.

மூக்கன் கெக்கலி கொட்டிச் சிரித்தது. “தலையாவது வாலாவது! எல்லாம் வயித்துக்குத்தான்! அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்!”

சந்தைக்கு ஒரு விதி இருந்தது. எவரிடம் சரக்கு அதிகமோ அவருக்கே நடுக்கல். இத்தனை வருஷமாக வேலாத்தா உட்கார்ந்த கல்லில் மூக்கன் ஏறிக் காலை நீட்டிப் படுத்தது. வேலாத்தாவுக்கு ஓரத்தில், இலந்தை முள்ளுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. முள்ளுக்குப் பக்கத்தில் முள்ளம்பன்றி! பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

வாரம் தவறாமல் வேலாத்தா பத்துக் கிழங்கு கொண்டுபோனது. ஆறு ஏழு திரும்பி வந்தன.

பெத்தண்ணன் கொதித்துப் போய்விட்டது.

“அக்கா, இந்த ஒரு வருஷம்! ஒரே ஒரு வருஷம்! நாமளும் தலையோட தோண்டுவோம். மூக்கன் ஓடின பிறகு பழையபடி மூடிக்கலாம்!”

வெள்ளெலிகளும் ஆமாம் என்று தலையாட்டின. சுருளி மட்டும் தோண்டின குழியை மூடிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்துவிடுமோ என்ற பயம் வேலாத்தாவுக்கும் இருந்தது. இந்த ஆறு பேரும் போய்விட்டால், கரடு இருந்தும் ஒன்றுமில்லை.

“தலையோட தோண்டினா நடுக்கல் நமக்குக் கிடைக்கும். ஒத்துக்கிறேன். ஆனா அப்புறம் அந்தக் கல்லு மேல எதை வைப்ப?”

பிறகு வேலாத்தா எல்லோர் பக்கமும் திரும்பியது.

“வியாபாரம் குறைஞ்சா முதல்ல என் பங்குதான் குறையணும். இன்னையிலிருந்து எனக்குக் கிழங்கு வேண்டாம். நெல்லிக்காய் போதும். உங்க பங்கு அப்படியே இருக்கும். அதுக்கு மேலயும் போகணும்னு நினைக்கிறவங்க போகலாம். யார் மேலயும் எனக்குக் கோபம் இல்ல.”

மறுநாள் காலையில் இரண்டு வெள்ளெலிகளைக் காணோம். கழுகுக்கரட்டில் மூக்கனோடு வயிறு முட்டத் தின்றுகொண்டிருந்தன. பெத்தண்ணன் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அதற்கே தெரியவில்லை. தலைவி நெல்லிக்காயைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்ததைப் பார்த்த பிறகு அதன் கால் நகரவே மாட்டேன் என்றது.

ஆனி பிறந்தது. சாரல் தொடங்கியது. ஒரு காலையில் வேலாத்தா புறப்பட்டது.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவு இருக்காம். மண்ணு நல்லா இருந்தா அங்கேயும் தலை நடலாம். பாத்துட்டு ரெண்டு நாள்ல வந்திடுவேன்.”

அது போன அன்றைக்கு மாலையே மேல்மலையில் பேய்மழை. ஆறு கரை புரண்டு ஓடியது. அக்கரைச் சரிவில் பாறை ஒன்று உருண்டு வேலாத்தாவின் பின்னங்காலில் விழுந்தது. ஒரு பாறை இடுக்குக்குள் தவழ்ந்து போய்ப் படுத்ததுதான், எழுந்து நடக்க மாதக்கணக்கு ஆயிற்று. ஆறும் இறங்குவதாகத் தெரியவில்லை. செய்தி சொல்லி அனுப்பவும் வழியில்லை.

இக்கரையில் இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. நான்கு நாள் பத்து நாளாயிற்று. ஒவ்வொரு காலையிலும் பெத்தண்ணன் ஆற்றங்கரை வரை போய்ப் பார்த்துவிட்டு வரும். அதன் முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்கள்.

வேலை காத்திருக்குமா? முதல் மழைக்குப் பிறகு குழிகளைப் பார்வையிட வேண்டும். எந்தக் குழியில் தண்ணீர் தேங்குகிறதோ அதற்கு ஒரு சின்ன வாய்க்கால் கீற வேண்டும். இல்லாவிட்டால் தலை அழுகிப்போகும்.

“நான் தலைமை ஏத்துக்கிறேன்!” என்றது பெத்தண்ணன். அதன் கனவு ஒருவழியாகப் பலித்தது! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதாவது வயிற்றை நிமிர்த்திக்கொண்டு, வரிசைக்கு முன்னால் நடந்தது. “இந்தப் பக்கம்! வேகமா! இன்னும் வேகமா!” ஒரே நாளில் கரட்டின் பாதியைப் பார்த்து முடித்துவிட்டார்கள். பெத்தண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிலிருந்து எட்டாம் நாள் சுருளி வந்து கூப்பிட்டது. “கொஞ்சம் வா. உனக்கு ஒண்ணு காட்டணும்.”

அவர்கள் வேகமாகத் தாண்டிப் போன வழியில் மூன்று குழிகளில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தலைகள் அழுகி நாறிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று வேலாத்தா தன் கையால் நட்ட குழி.

பெத்தண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

“நான் பாக்கலையே, சுருளி.”

“நீ எப்படிப் பாப்ப? நீ முன்னாடி போயிட்டே. எங்களுக்குப் பின்னாடி யாருமே வரலையே!”

பெத்தண்ணன் அழுதது. மூன்று தலை போனதற்கு அழுததா, தலைவியை நினைத்து அழுததா என்று சொல்ல முடியாது. இரண்டும்தான் இருக்கும்.

மறுநாள் வரிசை கிளம்பியபோது ஒரு வெள்ளெலி கூப்பிட்டது: “பெத்தண்ணே, முன்னாடி வாங்க!”

“இன்னைக்கு நீ முன்னாடி போ. எந்தப் பக்கம்னு நீயே சொல்லு. நான் பின்னாடி வரேன்” என்றது பெத்தண்ணன்.

ஆடி, ஆவணி, புரட்டாசி போயின. நெல்லிக்கரட்டில் கொடிகள் மரத்துக்கு மரம் தாவி ஏறின. எதிரே கழுகுக்கரடு? மழை பெய்ததும் மண் கரைந்து சிவப்புச் சேறாக வழிந்தது. ஒரு துளிர் கூட இல்லை. தலை இருந்தால்தானே துளிர்ப்பதற்கு!

மூக்கனின் நடுக்கல் காலியாகிவிட்டது. மழைக்காலம் முழுக்கப் பன்றிகள் புல்லைத் தின்று காலம் தள்ளின. இருபது பன்றிகளும் விலா எலும்பு தெரிய நின்றன.

ஓடிப்போன இரண்டு வெள்ளெலிகளும் ஒரு நாள் கரட்டடிக்கு வந்து, மேலே ஏறவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றன. பெத்தண்ணன் இறங்கி வந்தது.

“அண்ணே... நாங்க...”

“உங்க குழி ரெண்டும் நல்லாத் துளிர்த்திருக்கு. போய்ப் பாருங்க. களை மண்டியிருந்தா பிடுங்குங்க!”

வெள்ளெலிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஓடின.

தை பிறந்தது. கொடிகள் மஞ்சளாகிக் காய்ந்தன. கிழங்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். முதல் தோண்டலுக்கு வாடிக்கைக்காரர்களை அழைப்பது வழக்கம். கரடி வந்தது. குரங்குகள் வந்தன. மான்கள் வந்தன. போன வருஷம் மூக்கனிடம் வாங்கித் தின்ற வெட்கம் எல்லோருக்கும் இருந்தது. தங்கள் தங்கள் குழியைத் தேடிக்கொண்டு நின்றார்கள்.

அப்போது கரட்டடியில் தடதடவென்று சத்தம் கேட்டது. இருபது பன்றிகள்! முன்னால் மூக்கன்!

“எல்லாரும் கேளுங்க! உங்க தலைவி ஆத்தோட போயிட்டா. தலைவி இல்லாத கரடு, கேட்பாரில்லாத கரடு. இன்னையிலிருந்து இது எனக்குச் சொந்தம். டேய் பசங்களா, தோண்டுங்கடா! தலையோட தோண்டுங்க!”

அதே நேரத்தில் அக்கரையில், ஒரு கால் தாங்கித் தாங்கி வேலாத்தா ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் தன் கரட்டைப் பார்த்தது. ஆசையோடு நிமிர்ந்தால், கரட்டில் கருப்புக் கருப்பாக இருபது பன்றிகள்!

“பெத்தண்ணா! சுருளி!” என்று கத்தியது. ஆற்றின் இரைச்சல் குரலை விழுங்கிவிட்டது. இறங்கலாம் என்றால் தண்ணீர் இன்னும் மார்பளவு இழுத்துக்கொண்டு ஓடியது. தன் ஆயுசு முழுக்கக் கட்டியது கண்ணெதிரே போகப்போகிறது. வேலாத்தாவால் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

கரட்டின் மேல் மூக்கன் முதல் குழியை நோக்கி வந்தது. குறுக்கே ஒரு பெருச்சாளி நின்றது. பன்றியின் கால் உயரம்கூட இல்லாத பெருச்சாளி!

“தள்ளிப் போ! உங்க தலைவியே இல்ல. நீ யாருக்காக நிக்கிற?” என்றது மூக்கன்.

பெத்தண்ணன் குழியின் மேல் ஏறி நின்றது.

“தலைவி இருந்தப்போவும் எங்க முன்னாடி நடந்ததில்ல. நாங்களாத்தான் வழி பாத்து நடந்தோம். இப்பவும் நடக்கிறோம். நீ என்னை மிதிச்சிட்டுத்தான் இந்தக் குழியைத் தொட முடியும்!”

அதன் பக்கத்தில் சுருளி வந்து பந்தாகச் சுருண்டு அடுத்த குழியின் மேல் உட்கார்ந்தது. நான்கு வெள்ளெலிகளும் நான்கு குழியில் ஏறி நின்றன. ஓடிப்போய்த் திரும்பிய இரண்டும்தான் முதலில் ஏறின.

மூக்கன் சிரித்தது. “ஆறு பேர் ஆறு குழியில நின்னா, மிச்சக் குழியெல்லாம் என்ன ஆகும்?”

சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு வெள்ளைக் கல்லை மூக்கால் உருட்டித் தள்ளியது.

“அடேய்!”

கரடே அதிர்கிற மாதிரி ஒரு உறுமல். கரடி இரண்டு காலில் எழுந்து நின்றது.

“அது என் குழி! நான் மிதிச்ச குழி! நான் வச்ச கல்லுடா அது!”

“இது எங்க குச்சி!” என்று குரங்குகள் மரத்திலிருந்து குதித்தன.

“இது என் குளம்பு!” என்று மான் கொம்பைத் தாழ்த்தியது.

அவரவர் ஓடிப்போய் அவரவர் குழியில் நின்றார்கள். ஒரு நிமிஷத்தில் கரட்டில் கால் வைக்க இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குழி, குழியின் மேல் ஒரு ஆள். வாங்க வந்தவனை வேலை வாங்குகிறாயே என்று அன்றைக்கு முணுமுணுத்த கரடிதான் இன்றைக்குக் கண்ணை உருட்டிக்கொண்டு முன்னால் நின்றது!

பசியில் வாடிய இருபது பன்றிகள் என்ன செய்யும்? ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. கடைசியில் மூக்கன் மட்டும் நின்றது. அதன் காதுகள் தொங்கிவிட்டன.

“தின்ன ஒண்ணுமில்ல” என்றது மெதுவாக. “என்னை நம்பி இருபது பேர் வந்துட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல.”

அதைக் கேட்டதும் பெத்தண்ணனின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மூன்று குழியை அழுகவிட்ட நாளில் தனக்கும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டது.

“மூக்கா, உன் மூக்கு மாதிரி மண்ணை நெம்புற மூக்கு இந்தக் காட்டுல கிடையாது. எங்களோட சேந்து தோண்டு. வாலுல உங்களுக்கும் பங்கு உண்டு. முத்தின தலையை ரெண்டாப் பிளந்தாலும் துளிர்க்கும். ஒரு பாதி இங்கே, ஒரு பாதி கழுகுக்கரட்டுல. நடவேண்டியது நீங்க. சம்மதமா?”

மூக்கன் தரையைப் பார்த்தது. கரடியைப் பார்த்தது. மறுபடி தரையைப் பார்த்தது.

“சம்மதம்.”

“அப்ப முதல்ல அந்த வெள்ளைக் கல்லை எடுத்த இடத்துல வை!” என்றது கரடி.

நான்கு நாளில் ஆறு இறங்கியது. முழங்கால் தண்ணீரில் நொண்டி நொண்டி வேலாத்தா இக்கரை ஏறியது. கரட்டை நெருங்க நெருங்கப் பாட்டுச் சத்தம் கேட்டது.

“தலை மண்ணுக்கு! வால் வயித்துக்கு!”

ஆறு குரல் பாடிய பாட்டை இருபத்தேழு குரல் பாடியது. அதில் மிகவும் தாளம் தப்பிய குரல் மூக்கனுடையது.

வேலாத்தா ஒரு நெல்லிமரத்தின் பின்னால் நின்று பார்த்தது. வரிசை கரட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் திரும்பிய வெள்ளெலிகளில் ஒன்று முன்னால் நடந்தது. அதன் பின்னால் பன்றிகள். கடைசியில், எல்லோருக்கும் கடைசியில், பெத்தண்ணன். ஒரு குழியருகே அது நின்றது. யாரோ சருகு போட மறந்திருந்தார்கள். சருகை அள்ளிப் போட்டு, மூன்று மிதி மிதித்துவிட்டு, யாரையும் திட்டாமல் மறுபடி நடந்தது.

‘நான் இல்லாமலே நடக்கிறதே’ என்று ஒரு கணம் வேலாத்தாவுக்கு நெஞ்சு சுருக்கென்றது. மறுகணமே அந்த நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. ‘நான் இல்லாமலே நடக்கிறது!’ அதற்குமேல் மறைந்து நிற்க முடியவில்லை. முட்கள் எல்லாம் சலசலக்க வெளியே வந்தது.

“அக்கா!”

வரிசை உடைந்தது. ஆறு பேரும் ஓடி வந்தார்கள். கட்டிக்கொள்ளத்தான் முடியவில்லை. முள்ளம்பன்றியை யார் கட்டிக்கொள்வது? சுற்றிச் சுற்றிக் குதித்தார்கள். கரடு முழுக்க ஆரவாரம். சுருளி, என்றைக்கும் அழாத சுருளி, பந்தாகச் சுருண்டு உள்ளே அழுதது.

பெத்தண்ணன் தலையைக் குனிந்துகொண்டது.

“அக்கா, நீங்க நட்ட குழி ஒண்ணு அழுகிப்போச்சு. ஆக மொத்தம் மூணு. முன்னாடி நடந்து நான்தான் கெடுத்தேன்.”

“மத்ததெல்லாம்?”

“துளிர்த்திருக்கு!”

“அப்ப எதுக்குத் தலையைக் குனியிற? நான் முதல் வருஷம் ஏழு குழி அழுகவிட்டேன். அதுக்கப்புறம்தான் கடைசியில நடக்கக் கத்துக்கிட்டேன்.”

அன்றைக்குச் சந்தை நாள். எவரிடம் சரக்கு அதிகமோ அவருக்குத்தானே நடுக்கல்? கல் கொள்ளாமல் கிழங்கு சரிந்து விழுந்தது. மூக்கனே சுமந்து வந்து அடுக்கியது. “ஏறுங்க அக்கா! உங்க கல்!” என்று எல்லோரும் கத்தினார்கள்.

வேலாத்தா ஏறவில்லை.

“பெத்தண்ணன் ஏறட்டும். எனக்கு வேலை இருக்கு. அக்கரைச் சரிவை ஏழு மாசம் பாத்துட்டேன். மண்ணு தங்கம்! எனக்கு நாப்பது தலை குடுங்க. கூட ரெண்டு பேர் வந்தாப் போதும்.”

“நான் வரேன்!” என்றது மூக்கன், எல்லோருக்கும் முந்தி.

“வா. ஆனா நீதான் முன்னாடி நடக்கணும்.”

“நானா? அப்ப நீங்க, அக்கா?”

வேலாத்தா சிரித்தது. சந்தை முழுக்கச் சேர்ந்து பதில் சொன்னது: “கடைசியில!”

தலைவன் இல்லாத நாளிலும் தழைக்கிற தொழிலே நிலைத்த தொழில். அதன் வேரைத் தன்னோடு இருப்பவர்களிடம் ஊன்றுபவனே நல்ல தலைவன்.